லூபஸ்: சொந்த டிஎன்ஏவைக் கண்டு உடம்பு ஏன் மிரள்கிறது?

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழுந்து எடுக்கப் போகும் அவருடைய அக்காவுக்கு லூபஸ் என்று கண்டியில் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிற நோய் அது. இரத்த ரிப்போர்ட்டில் இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான பிறபொருளெதிரி (அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதம்) அதிகம் என்று இருக்கிறது. "டிஎன்ஏ நம்முடையதுதானே, அதை ஏன் நம் உடம்பே எதிர்க்கிறது? மலையில் ஏது மலேரியா, எதற்கு மலேரியா மருந்து? பனிமூட்டத்தில் வேலை செய்கிறவளை வெயில் படாதே என்கிறார்களே? பிள்ளைகளுக்கும் வருமா? எதிர்ப்புச் சக்தி குறைந்துபோச்சு என்று சொந்தக்காரர்கள் டொனிக் வாங்கி வருகிறார்கள், கொடுக்கலாமா?"

டொனிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். அக்காவுக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அதில் ஒரு பகுதி நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் வருத்தமே. ஓடுவதை இன்னும் விரட்ட ஒன்றும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது குடித்திருந்தால் போத்தலைக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

இனி முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

நம் கலம் ஒவ்வொன்றின் கருவுக்குள்ளும் நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும் டிஎன்ஏ சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பக்டீரியாவிலும் டிஎன்ஏ உண்டு, பல வைரஸ்களிலும் உண்டு. எல்லாம் அதே நாலு எழுத்து, அதே முறுக்கு. நிர்ப்பீடனத்தில், அதாவது எதிர்ப்புச் சக்தியில், பிறக்கும்போதே கூட வருகிற ஒரு அடுக்கு இருக்கிறது. தடுப்பூசியோ பழைய நோயோ அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த அடுக்கில் டிஎன்ஏவைத் தேடுவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த எழுத்துகளை வாசித்து "இது நம்முடையது, இது வைரஸுடையது" என்று பிரிக்கத் தெரியாது. பெரும்பாலும் அவை பார்ப்பது ஒன்றைத்தான்: டிஎன்ஏ இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறதா?

தேயிலைத் தொழிற்சாலை வாச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூட்டை மூட்டையாகத் தூள் கிடக்கும், அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். அதே தூள் லயத்துக்குப் போகிற பாதையில் ஒரு பைக்குள் இருந்தால் பிடித்துவிடுவார். அது எந்தத் தோட்டத்துத் தூள் என்று அவர் மோந்து பார்ப்பதில்லை.

கருவுக்குள்ளும், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள்ளும் டிஎன்ஏ இருக்கலாம். கருவுக்கு வெளியே, குழியவுருவில், திறந்தபடி கிடக்கக் கூடாது. கிடந்தால் அதை முதலில் தொடுகிற புரதத்தின் பெயர் சீகேஸ். அமெரிக்காவில் டலஸ் நகரத்தில் சிஜியான் சென் என்பவரின் ஆய்வுக்குழு 2012 கடைசியில் இதைக் கண்டுபிடித்து அறிவித்தது. 2024இல் அவருக்கு மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்ததும் இதற்காகத்தான். டிஎன்ஏ வந்து ஒட்டியதும் சீகேஸ் ஒரு சின்ன மூலக்கூற்றை உண்டாக்கும். அது ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தைப் போய்ப் பிடிக்கும். 2008இல் ஸ்டிங்கைக் கண்டபோது அதற்கு மேலே இருந்து தகவல் கொடுப்பது யார் என்று தெரியாமல் இருந்தது. ஸ்டிங் கிளம்பினால் இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் அந்தக் கலம் இன்டர்பெரோனைச் சுரக்கும். சுற்றியிருக்கும் கலங்களுக்கு "வைரஸ் வந்திருக்கிறது, கதவைச் சாத்து" என்று போகும் தகவல் அது. டெங்கு, இன்ஃபுளுவென்சா வந்தால் முதல் நாளே உடம்பை அடித்துப்போட்டது போல இருக்குமே, அந்த அலுப்பிலும் நோவிலும் பெரிய பங்கு இன்டர்பெரோனுக்குத்தான்.

உங்கள் அக்கா மாதக்கணக்காக "காய்ச்சல் வருவது மாதிரியே இருக்கு, மூட்டெல்லாம் கடுக்குது, எழும்ப முடியல்ல" என்று சொல்லியிருப்பார். வேலைக்குப் போகாமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று வீட்டில் யாராவது முணுமுணுத்திருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: அவர் உடம்பில் வைரஸ் இல்லை, ஆனால் வைரஸுக்கு அடிக்கிற மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்பெரோன் கூடியிருப்பது 1979இலேயே தெரிந்தது. வேறு நோய்களுக்கு மருந்தாக இன்டர்பெரோன் ஊசி போடப்பட்ட சிலருக்கு லூபஸ் போன்ற நோயே வந்ததும் பதிவாகியிருக்கிறது.

சரி, டிஎன்ஏ ஏன் இடம் மாறிக் கிடக்கிறது? ஆராய்ச்சி முழுக்க இப்போது இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் கோடானுகோடி கலங்கள் சாகின்றன. செத்த கலத்தின் டிஎன்ஏவை வெட்டித் துப்புரவாக்க மூன்று இடத்தில் மூன்று நொதியங்கள் வேலை செய்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் துண்டுகளை டிஎன்ஏஸ்1எல்3 வெட்டுகிறது. தின்குழியங்கள் விழுங்கியதை அவற்றின் வயிற்றுக்குள்ளே டிஎன்ஏஸ்2 செரிக்கிறது. குழியவுருவுக்குள் கசிந்ததை ட்ரெக்ஸ்1 அழிக்கிறது. இவற்றில் ஒன்று படுத்தால் என்ன ஆகும் என்பதற்கு செங்குழியத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என்பு மச்சையில் ஒவ்வொரு செக்கனுக்கும் இருபது லட்சத்துக்கு மேல் செங்குழியங்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் வெளியே கிளம்புமுன் தன் கருவைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வரும், அதனால்தான் செங்குழியத்துக்குக் கரு இல்லை. அப்படி எறிந்த கருக்களையெல்லாம் பக்கத்தில் காத்திருக்கும் தின்குழியம் விழுங்குகிறது. டிஎன்ஏஸ்2 இல்லாத எலிகளில் இந்தத் தின்குழியங்கள் செரிக்க முடியாத டிஎன்ஏவால் ஊதிப்போய்க் கிடந்தன. குட்டிகள் கடும் இரத்தச்சோகையோடு கருப்பையிலேயே செத்தன. அவற்றைக் கொன்றது இரத்தச்சோகை, அந்த இரத்தச்சோகையை வரவழைத்தது இன்டர்பெரோன். அது வேலை செய்யாதபடி செய்தபோது, டிஎன்ஏஸ்2 இல்லாமலே எலிகள் பிறந்து வளர்ந்தன. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது இது. ஆனால் வளர்ந்த பிறகு அவற்றின் கால் மூட்டுகள் வீங்கின, நம் ஊர் மூட்டுவாதம் போலவே. பிறகு வேறொரு குழு ஸ்டிங்கையே எடுத்துவிட்டுப் பார்த்தது. எலிகள் உயிரோடு பிறந்தன, மூட்டும் வீங்கவில்லை. கிருமி ஒன்றுகூட இல்லாமல், அகற்றாமல் விட்ட சொந்தக் கழிவு மட்டுமே ஓர் உயிரைக் கொல்ல முடியும் என்று இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

மனிதரிலும் இது நடக்கிறது, அபூர்வமாக. பிரான்ஸைச் சேர்ந்த ஜோன் எக்கார்டி, ஃபிரான்ஸ்வாஸ் கூத்தியேர் என்ற இரண்டு டொக்டர்கள் 1984இல் சில குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தாயின் வயிற்றில் வைரஸ் தொற்றி மூளை பாதிக்கப்பட்டது போலவே அந்தக் குழந்தைகள் இருந்தார்கள். எவ்வளவு தேடியும் வைரஸ் கிடைக்கவில்லை. 2006இல்தான் அந்த நோய்க்கான காரணங்களில் ஒன்று ட்ரெக்ஸ்1 மரபணுப் பழுது என்று தெரியவந்தது. அதே மரபணுவில் வேறு பழுதுகள் உள்ள குடும்பங்களில் குளிர் பட்டால் விரல் நுனி, காது மடல் எல்லாம் நீலம் பாரித்துப் புண்ணாகும் ஒருவகை லூபஸ் வருகிறது. டிஎன்ஏஸ்1எல்3 இல்லாமல் பிறந்த பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே லூபஸ் வந்ததை 2011இல் சவூதி அரேபியக் குடும்பங்களில் கண்டார்கள். ஸ்டிங் தானாகவே எந்நேரமும் விழித்திருக்கும் இன்னொரு நோயும் உண்டு.

குளிர் என்றதும் நுவரெலியாக்காரர்கள் பயந்துவிட வேண்டாம். தை மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கும் காலையில், ஈரக் கொழுந்தில் கை வைத்து விரல் சிவந்து அரிப்பது பலருக்கும் வருவதுதான். அதற்கும் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. விரல் முதலில் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடு பட்டதும் சிவந்தால், அல்லது புண் ஆறாமல் இருந்தால், அதைக் கிளினிக்கில் காட்ட வேண்டும். அக்காவுக்கு லூபஸ் என்று தெரிந்துவிட்டதால் கையுறை போட்டுச் சூடாக வைத்துக்கொள்வது எப்படியும் நல்லது.

உங்கள் அக்காவுக்கு இந்த ஒற்றை மரபணு நோய்களில் ஒன்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வயது வந்த பிறகு வரும் சாதாரண லூபஸில் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன, அதன்மேல் வெயில், தொற்று, ஹோர்மோன் எல்லாம் சேர்கின்றன. ஒரே மாதிரி மரபணு உள்ள இரட்டையரில்கூட ஒருவருக்கு லூபஸ் வந்தால் மற்றவருக்கு வராமல் இருப்பதே அதிகம். பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கு இதுவே பதில்: மற்றவர்களை விட வாய்ப்பு சற்றுக் கூட, ஆனால் பெரும்பாலும் வராது.

இனி ரிப்போர்ட்டில் இருக்கும் அந்தப் பிறபொருளெதிரிக்கு வருவோம். இன்டர்பெரோன் தொடர்ந்து ஊறும்போது, இதுவரை அடங்கிக் கிடந்த பி கலங்கள் (பிறபொருளெதிரி செய்யும் வெண்குழியங்கள்) சில விழித்துக்கொண்டு டிஎன்ஏவுக்கு எதிராகவே பிறபொருளெதிரி செய்யத் தொடங்குகின்றன. அது மிதக்கும் டிஎன்ஏ துண்டைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சோடியை ஒருவகை வெண்குழியம் விழுங்கும். விழுங்கிய பைக்குள் டிஎல்ஆர்9 என்ற ஒரு வாங்கி, அதாவது டிஎன்ஏ வந்து ஒட்டினால் தகவல் கொடுக்கும் இன்னொரு புரதம், உட்கார்ந்திருக்கிறது. 2000இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட இது பக்டீரியா டிஎன்ஏவுக்காக ஏற்பட்டது. நம் டிஎன்ஏ சாதாரணமாக அந்தப் பைக்குள் போய்ச் சேராது. பிறபொருளெதிரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதால்தான் போகிறது. போனதும் இன்னும் இன்டர்பெரோன், அதனால் இன்னும் பிறபொருளெதிரி. ஒருமுறை சுழலத் தொடங்கினால் முதலில் தொடக்கி வைத்தது எது என்பதே பிறகு முக்கியமில்லாமல் போய்விடுகிறது.

அந்தப் பரிசோதனையின் ஒரு வகையை ஆய்வுகூடத்தில் செய்வதைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். கண்ணாடித் தகட்டில் கிரிதீடியா என்ற ஒட்டுண்ணியை ஒட்டி வைத்திருப்பார்கள். பூச்சிகளின் குடலில் வாழ்கிற ஒற்றைக் கல உயிர் அது. அதன் உடம்பில் ஓர் ஓரத்தில் இரட்டை இழை டிஎன்ஏ மட்டும் கட்டியாகத் திரண்டிருக்கும். நோயாளியின் சீரத்தை அதன்மேல் விட்டுக் கழுவி, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பொசிட்டிவ் என்றால் ஒவ்வொரு ஒட்டுண்ணியிலும் அந்தச் சின்னப் புள்ளி பச்சையாக மின்னும். தலவாக்கலைப் பெண் ஒருவரின் பிறபொருளெதிரி, ஈயின் குடலில் வாழும் உயிரின் டிஎன்ஏவைப் போய்க் கட்டிப்பிடிக்கிறது. ஆக "சொந்த டிஎன்ஏவை ஏன் எதிர்க்கிறது" என்பதில் அந்தச் "சொந்த" என்ற பேச்சே உடம்புக்குத் தெரியாத ஒன்று.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. டிஎன்ஏ மட்டுமே குற்றவாளி என்று யாராவது எழுதினால் முழுக்க நம்பாதீர்கள். டிஎல்ஆர்9ஐ எடுத்துவிட்ட லூபஸ் எலிகளில் நோய் குறையவில்லை, பல சோதனைகளில் கூடிவிட்டது. டிஎன்ஏவின் உறவுக்கார மூலக்கூறான ஆர்என்ஏவைத் தேடும் டிஎல்ஆர்7 என்ற அதன் பக்கத்து வாங்கிதான் அங்கே பெரிய வில்லன். அந்த மரபணுவில் ஒரு பழுதால் மட்டுமே ஒரு சிறுமிக்கு லூபஸ் வந்தது 2022இல் வெளியானது. டிஎல்ஆர்7 எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சீகேஸ் வழியும் எல்லா நோயாளியிலும் ஒரே அளவு ஓடுவதில்லை. சிலரில் பலமாக, சிலரில் தடயமே இல்லாமல். லூபஸ் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர உள்ளே பல பாதைகள்.

மலேரியா மருந்துக்கு வருவோம். மலையில் மலேரியா இல்லை என்பது சரி. நாடு முழுக்கவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் கொடுத்துவிட்டது. இந்த மருந்துக் குடும்பத்துக்கும் நம் மலைக்கும் பழைய உறவு உண்டு. ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே குயினைன் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பி நோய் விழுந்து அழிந்து தேயிலை முழுக்கப் பரவுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் மலைச்சரிவுகளில் சிங்கோனா பெருவாரியாக நின்றது. 1894இல் லண்டனில் பெய்ன் என்ற டொக்டர் லூபஸ் தோல் நோய்க்குக் குயினைன் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். 1951இல் இன்னொரு மலேரியா மருந்தும் லூபஸைத் தணிக்கிறது என்று தெரிந்தது. அக்காவுக்குக் கொடுத்திருக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 1955இலிருந்து பாவனையில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இப்போது ஓரளவு தெரியும்: டிஎல்ஆர்7, டிஎல்ஆர்9 இருக்கிற அந்தப் பைக்குள் போய் அமிலத்தைக் குறைத்துவிடுகிறது, டிஎன்ஏவோடும் தானே ஒட்டிக்கொள்கிறது. வாங்கிக்கு டிஎன்ஏ சரியாகத் தட்டுப்படாமல் போகிறது. மேலே சொன்ன சுழற்சியை அறுக்கிற மருந்து. அதனால்தான் மெதுவாக வேலை செய்யும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும். "ஒரு மாதம் குடித்தேன், ஒன்றும் குறையவில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நோயில் பெரிய பிரச்சினை.

அப்புறம் வெயில். அக்கா நினைப்பது போல மூட்டம் காப்பாற்றாது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். 1000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகமும் மூட்டமும் சூட்டைத்தான் மறைக்கும், புறஊதாவில் பெரும்பகுதியை விட்டுவிடும். குளிர்கிறது என்பதால் கதிர் படவில்லை என்று ஆகாது. புறஊதா பட்டால் தோல் கலங்கள் சாகும், டிஎன்ஏ வெளியே வரும். அதோடு முடிவதில்லை. புறஊதாவால் பழுதான டிஎன்ஏவை ட்ரெக்ஸ்1 எளிதில் வெட்ட முடிவதில்லை என்று 2013இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கழிவும் கூடுகிறது, அந்தக் கழிவு அகலவும் மாட்டேன் என்கிறது. கன்னத்தில் சிவப்பு ஏறுவதற்கு அடுத்து மூட்டும் சிறுநீரகமும் குழம்புவது இந்த வழியாகவும்தான்.

நீளக் கைச்சட்டை, கழுத்தையும் காதையும் மூடும் துணி, அகல விளிம்புத் தொப்பி. கூடைக் கயிறு தலையில் மாட்டும் இடத்தில் தொப்பி நிற்காது என்பது எனக்குத் தெரியும். தோளில் மாட்டும் பை கொடுக்கிற தோட்டமாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். நிழல் மரத்தின் கீழ் நிற்பது பாதி உதவிதான். கிளினிக் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, தொழிற்சாலைக்குள்ளோ பிள்ளைக்காம்பராவிலோ வேலை மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் வெளியே நிற்காமல் இருக்க முடிந்தாலே பெரிய வித்தியாசம்.

புது மருந்துகள் பற்றியும் கேட்பீர்கள். இன்டர்பெரோனின் வாங்கியையே அடைக்கும் அனிஃபுரோலுமப் என்ற ஊசி 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை நம்மால் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. சீகேஸையும் ஸ்டிங்கையும் நேரடியாகத் தடுக்கும் மருந்துகளை ஆய்வில் வைத்திருக்கிறார்கள், லூபஸ் சிகிச்சையாக இன்னும் வரவில்லை. அவற்றை முழுக்க அடைத்தால் உண்மையான வைரஸ் வரும்போது என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பழைய மாத்திரைதான் முதுகெலும்பு. டொக்டர் வேறு மருந்து சேர்த்திருந்தால் அதுவும். ஸ்டீரோயிட் கொடுத்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, டொக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கடைசியாக, கிளினிக்கில் கவனிக்க வேண்டியவை. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பதே வழக்கம். அக்கா மெலிந்துபோயிருந்தால் எடையைச் சொல்லுங்கள். நீண்ட காலம் குடிக்கும்போது கண்ணின் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தொடக்கத்தில் ஒரு முறையும், ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கண் பரிசோதனை வேண்டும். பிள்ளை உண்டானால் பயந்து இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பொதுவாகத் தொடரச் சொல்வதுதான் வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். டிஎன்ஏ பிறபொருளெதிரி ஏறி, சீ3, சீ4 என்று எழுதியிருக்கும் நிர்ப்பீடனப் புரதங்கள் இறங்கினால் சிறுநீரகம் குழம்பப் போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலையில் கண் இமையும் மாலையில் காலும் வீங்கினாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். கண்டிக்குப் போய் வந்தால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும் என்று அக்கா தயங்குவார். சிறுநீர்ப் பரிசோதனையைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே செய்து, ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனால் ஒரு பயணமாவது மிச்சமாகும்.